தொங்கும் இறக்கையும் தொண்டைமான் ஹெலிகாப்டரும்

தேர்தல் நேரத்தில் புதுக்கோட்டைப் பக்கம் ஏதாவது ஒரு திடலைச் சமன்செய்து, சுண்ணாம்பால் பெரிய வட்டம் போட்டு, நடுவில் 'ஹெச்' எழுத்தை வரைவார்கள். அன்று கூடும் கூட்டத்தில் பாதி தலைவரைப் பார்க்க வந்தது, மீதி ஹெலிகாப்டரைப் பார்க்க வந்தது. இது மேடையில் இருப்பவருக்கும் தெரியும். புழுதி அடங்கி, எஞ்சின் நின்று, இறக்கைகள் ஓய்ந்த பிறகு கவனித்தால் ஒன்று விளங்காது. இத்தனை டன் இரும்பையும் மனிதர்களையும் தூக்கிவந்த இறக்கைகள், வெயிலில் வாடிய வாழையிலையாக நுனி தாழ்ந்து தொங்கிக்கொண்டிருக்கும். சுற்றும்போது நேராக விறைத்து நின்றவை நின்றதும் ஏன் தொய்கின்றன? தொய்கிற பொருள் எப்படித் தூக்கியது?

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதே ஹெலிகாப்டரை 48 மடங்கு சுருக்கி பிளாஸ்டிக்கில் செய்து மேசைமேல் வையுங்கள். நீள அகலம் எல்லாம் கணக்குப்படி சரியாக இருக்கும். ஆனால் இறக்கைகள் மட்டும் அடிஸ்கேல்போல நேராக நிற்கும், தொங்கவே தொங்காது. அதனால்தான் மாதிரி செய்பவர்கள் இறக்கைகளை வெந்நீரில் முக்கி, கையால் வளைத்து, பொய்யாகத் தொங்கவிடுகிறார்கள். எல்லா அளவும் சரியாக இருந்தும் உருவம் பொய்யாவது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. அதற்கு நான் துணைக்கு எடுத்துக்கொள்வது நடக்காத ஒரு வரலாற்றின் ஹெலிகாப்டரை.

அளவுமாதிரி கட்டுபவர்களிடையே 'மாற்று வரலாறு' என்று ஒரு கிளை இருக்கிறது. உண்மையில் இருந்த இயந்திரத்தையே செய்வார்கள், ஆனால் அதற்கு இல்லாத ஒரு கதையைக் கொடுப்பார்கள். இன்ன நாடு தோற்காமல் இருந்திருந்தால், இன்ன ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் போயிருந்தால், இந்த விமானம் எந்த வண்ணத்தில், எந்தச் சின்னத்தோடு பறந்திருக்கும் என்ற விளையாட்டு அது. புதுக்கோட்டையின் திருக்கோகர்ணத்தில் இருந்துகொண்டு இந்த விளையாட்டில் இறங்குபவருக்குக் கதையைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. புதுக்கோட்டை தொண்டைமான்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம். சென்னை மாகாணம் சுற்றிலும் சூழ்ந்திருக்க, நடுவில் சுமார் 1,180 சதுர மைல் பரப்பில், 1941 கணக்கெடுப்பின்படி நாலரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்களோடு இருந்தது. 1948 மார்ச் 3-ஆம் நாள் ராஜகோபாலத் தொண்டைமான் காலத்தில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. இது நடந்த வரலாறு.

நடக்காதது இது: இணைப்பு இருபது ஆண்டு தள்ளிப்போகிறது. சமஸ்தானம் தன் உபயோகத்துக்கு ஒரு ஹெலிகாப்டர் வாங்குகிறது. அது திருக்கோகர்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் நிற்கிறது. இவ்வளவுதான் என் கற்பனை. சமஸ்தானங்கள் விமானத்தில் கைவைத்ததே இல்லை என்றும் சொல்லமுடியாது. ஐதராபாத் நிஜாம் அரசின் பங்கோடு டெக்கான் ஏர்வேஸ் 1940-களில் விமானங்களை ஓட்டியது.

கற்பனைக்கும் கட்டுப்பாடு வேண்டும். நல்ல மாற்று வரலாறு ஒரே ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டு, மற்றதையெல்லாம் இருந்தபடியே விடும். ஆய்வுக்கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார்ப்பதும் இதுவும் ஒரே ஒழுக்கம். இந்த ஒழுக்கம் இல்லாவிட்டால் எளிதாகச் சறுக்கலாம். 'சமஸ்தானத்தின் கடலோரக் காவல் ஹெலிகாப்டர்' என்று மிதவை பொருத்தி, கோட்டைப்பட்டினத்துக் கரையில் நிறுத்த ஆசை வரும். ஆனால் பழைய சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. அறந்தாங்கிப் பகுதியும் அதையொட்டிய கடலோரமும் 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது வந்து சேர்ந்தவை. ஆகவே மிதவை வேண்டாம். அந்தச் சமஸ்தானத்தின் உயிர் கண்மாய்களில் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்தக் கரை உடைந்தது, எந்தக் கலிங்கு வழிந்தது என்று மேலிருந்து பார்க்க ஒரு இயந்திரம் என்றால் நம்பலாம்.

எந்த இயந்திரம்? இதை வண்ணமும் ஆசையும் முடிவுசெய்யக்கூடாது, தேதிகள் முடிவுசெய்யவேண்டும். பொதுமக்கள் உபயோகத்துக்கு உலகில் முதன்முதலாகச் சான்றிதழ் பெற்ற ஹெலிகாப்டர் அமெரிக்காவின் பெல் 47. பெற்ற நாள் 1946 மார்ச் 8. அதாவது சமஸ்தானம் இணைந்தபோது அந்தத் தொழிலுக்கே இரண்டு வயதுதான். இந்திய விமானப்படை தன் முதல் ஹெலிகாப்டர்களான சிகோர்ஸ்கி எஸ்-55-ஐ 1954-ல்தான் பெற்றது. பிரான்சின் அலுவெட் 3 முதலில் பறந்தது 1959 பிப்ரவரி 28-ல். அதற்கான உரிம ஒப்பந்தத்தை இந்தியா 1962-ல் செய்துகொண்டது. பெங்களூரு இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் 1965 முதல் அதைத் தயாரித்து, 'சேத்தக்' என்று பெயரிட்டது. அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி, ராமநாதபுரம் உச்சிப்புளி ஐஎன்எஸ் பருந்து ஆகிய கடற்படை விமானத் தளங்களிலிருந்து தமிழ்நாட்டு வானத்தில் நெடுங்காலம் சுற்றிய அதே சேத்தக். நம் கற்பனைச் சமஸ்தானம் 1965-க்குப் பிறகு வாங்கினால் சேத்தக் பொருந்தும். எனவே மேசையில் இருப்பது அதுவே.

இதன் பிரதான சுழலிக்கு மூன்று இறக்கைகள். சுழலும் வட்டத்தின் குறுக்களவு 11.02 மீட்டர். ஏற்கக்கூடிய மொத்த எடை 2,200 கிலோ. மாதிரியின் விகிதம் 1:48. ஓர் அடியைக் கால் அங்குலமாகச் சுருக்குவது என்ற பழைய ஆங்கிலேய வழக்கத்தில் வந்த எண் அது. சுழலி 23 சென்டிமீட்டராகிறது. இதுவரை சிக்கலில்லை.

சிக்கல் அடுத்த அடியில் வருகிறது. நீளம் 48-ல் ஒரு பங்கானால் பரப்பு 48-ஐ 48-ஆல் பெருக்கிய 2,304-ல் ஒரு பங்காகும். கன அளவும், அதனோடு எடையும், 1,10,592-ல் ஒரு பங்காகும். ஒரே மாதிரியைச் சுருக்கும்போது மூன்று விதமான சுருக்கம் ஒரே நேரத்தில் நடக்கிறது. 2,200 கிலோ இயந்திரம் சுருங்கி 20 கிராம் ஆகிவிடுகிறது. இறக்கையை வளைக்கப் பார்ப்பது அதன் எடை, அது கனஅளவைப் பின்பற்றிக் குறைகிறது. வளைய மறுப்பது அதன் குறுக்குவெட்டு, அது பரப்பைப் பின்பற்றிக் குறைகிறது. வளைப்பவன் 1,10,592-ல் ஒரு பங்காக மெலிந்துவிட, எதிர்ப்பவன் 2,304-ல் ஒரு பங்கோடு நின்றுவிடுகிறான். இரண்டையும் வகுத்தால், எதிர்ப்பவன் கை 48 மடங்கு ஓங்கியிருக்கிறது.

எண்ணில் பார்ப்போம். பெரிய ஹெலிகாப்டரில் இறக்கை நுனி 30 செ.மீ. தாழ்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதிரியில் அது 6 மில்லிமீட்டருக்கு மேல் தாழவேண்டும். அதே அலுமினியத்தில் சுருக்கிச் செய்தால் தாழ்வது 0.13 மி.மீ. மட்டுமே. பிளாஸ்டிக் என்றால் கொஞ்சம் பரவாயில்லை. மாதிரிகளுக்குப் பயன்படும் பாலிஸ்டைரீன், எடைக்கு எடை பார்த்தால் அலுமினியத்தைவிட ஒன்பது மடங்கு அதிகம் துவளும். அப்படியும் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் கிடைக்கும். மீதி ஐந்து மில்லிமீட்டருக்கு வெந்நீரைத்தான் நம்பவேண்டும். பாலிஸ்டைரீன் நீரின் கொதிநிலைக்குச் சற்றுக் கீழேயே இளகத் தொடங்குவது நம் அதிர்ஷ்டம்.

இந்தச் சுருக்க விதியை முதலில் எழுதிவைத்தவர் கலிலியோ. தேவாலய விசாரணைக்குப் பிறகு வீட்டுக் காவலில் இருந்த முதியவர், 1638-ல் ஹாலந்தின் லைடன் நகரில் அச்சான தன் கடைசிப் புத்தகத்தில் இரண்டு எலும்புகளை வரைந்து காட்டினார். ஒன்று சிறியது. இன்னொன்று மூன்று மடங்கு நீளமானது, ஆனால் பார்க்கச் சகிக்காத அளவுக்குத் தடித்தது. பெரிய உடலைத் தாங்க எலும்பு அதே வடிவத்தில் வளர்ந்தால் போதாது, வடிவமே மாறவேண்டும் என்பது அவர் வாதம். யானைக்கால் ஏன் மான்கால் போல இல்லை என்பதற்கும், நம் பிளாஸ்டிக் இறக்கை ஏன் தொங்கவில்லை என்பதற்கும் விடை ஒன்றுதான்.

இனி முதல் கேள்விக்கு வரலாம். தொய்ந்த இறக்கை சுற்றும்போது எப்படி விறைக்கிறது? அலுவெட்டின் சுழலி நிமிடத்துக்குச் சுமார் 350 முறை சுற்றுகிறது. இறக்கை நுனியின் வேகம் விநாடிக்கு 200 மீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் வட்டமடிக்கும் நுனியில் ஒட்டியிருக்கும் ஒரு கிராம் பொருள், வெளிநோக்கி 770 கிராம் எடையின் பலத்தோடு இழுக்கும். ஓர் இறக்கை 40 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதன் வேர்ப்பகுதியை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை சுமார் 15 டன். அதே இறக்கை மேல்நோக்கித் தூக்குவது மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 730 கிலோதான். 15 டன் கிடையாக இழுக்க, முக்கால் டன் மேலே இழுக்க, இறக்கை கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ மூன்று பாகை மட்டும் உயர்ந்து நிற்கிறது. பறக்கும் ஹெலிகாப்டரின் சுழலி தட்டையான தட்டாக இல்லாமல் லேசாகக் குழிந்த கிண்ணமாகத் தெரிவது அதனால்தான். இறக்கைக்கு விறைப்பைத் தருவது உலோகத்தைவிடச் சுழற்சியே அதிகம். அதனால் பொறியாளர்கள் இறக்கையைத் தைரியமாக மெலிதாகவும் துவளும்படியும் செய்யலாம். நிற்கும்போது தொங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை.

துவள்வது நஷ்டமில்லை என்பது மட்டுமல்ல, துவளாமல் இருந்தால் ஹெலிகாப்டரே இல்லை. இதைக் கண்டுபிடித்த கதை ஒரு அளவுமாதிரியால் நடந்தது.

1920-களின் தொடக்கம், ஸ்பெயின். ஹுவான் டி லா சியர்வா என்ற இளம் பொறியாளர் 'ஆட்டோஜைரோ' என்ற புது வகை விமானத்தைச் செய்துகொண்டிருந்தார். அதன் தலைமேல் இருக்கும் சுழலியை எஞ்சின் சுற்றாது. முன்னால் இருக்கும் சாதாரண விசிறி விமானத்தை இழுத்துக்கொண்டு ஓட, எதிர்க்காற்றில் சுழலி தானாகச் சுற்றித் தூக்கும். கணக்கில் எல்லாம் சரி. பெரியதாகக் கட்டிய இயந்திரங்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக, வேகம் பிடித்ததும் ஒரு பக்கமாகச் சரிந்து கவிழ்ந்தன.

காரணம் புரிந்துகொள்ள எளிது. முன்னோக்கிப் பறக்கும் சுழலியில், ஒரு பக்க இறக்கை காற்றை எதிர்த்து வருகிறது, மறுபக்க இறக்கை காற்றோடு விலகிப் போகிறது. நம் சேத்தக் மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் போனால், எதிர்த்து வரும் நுனிக்குக் காற்று விநாடிக்கு 259 மீட்டர், விலகும் நுனிக்கு 149 மீட்டர். தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், ஒரு நுனி மற்றதைப்போல மூன்று மடங்கு தூக்கப் பார்க்கும். இறக்கைகள் நடுத்தண்டோடு விறைப்பாகப் பிணைந்திருந்தால் இந்த ஏற்றத்தாழ்வு அப்படியே உடலுக்குப் போய்ச் சேரும். வண்டி கவிழும்.

அப்படியிருக்க, சியர்வா செய்த சிறிய மாதிரி மட்டும் ஏன் அழகாகப் பறந்தது? பெரிதும் சிறிதும் ஒரே வடிவம். பலநாள் குழம்பிய பிறகு அவருக்குப் பட்டது இது: மாதிரியின் இறக்கைகளில் பிரம்பு இருந்தது. பிரம்பு துவளும். எதிர்த்து வரும் இறக்கை அதிகம் தூக்கும்போது விறைத்து நிற்காமல் மேலே எழும்புகிறது. எழும்பும் இறக்கைக்குக் காற்று மேலிருந்து வருவதுபோல ஆகி, அது காற்றைச் சந்திக்கும் கோணம் குறைகிறது. கோணம் குறைந்தால் தூக்குவிசையும் குறைகிறது. மறுபக்கம் தாழும் இறக்கைக்கு இதற்கு நேர்மாறாக நடக்கிறது. இரண்டு பக்கமும் தாமாகச் சமன் செய்துகொள்கின்றன. சுருக்க விதிப்படி பார்த்தால் சிறிய மாதிரிதான் பெரியதைவிட விறைப்பாக இருந்திருக்கவேண்டும். பொருளை மாற்றிய தற்செயலால் அது துவண்டது, துவண்டதால் உண்மையைச் சொன்னது. சியர்வா பெரிய இயந்திரத்தின் ஒவ்வொரு இறக்கையின் வேரிலும் கதவுக்கு வைப்பதுபோல ஒரு கீல் வைத்தார். 1923 ஜனவரியில் மாட்ரிட் அருகே கெட்டாஃபேயில் அவருடைய சி.4 கவிழாமல் பறந்தது. ஹெலிகாப்டர் செய்த பின்னவர்கள் இந்தக் கீலை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அலுவெட்டின் சுழலித் தலையிலும் அது உண்டு. சுழலி நிற்கும்போது இறக்கை கீலில் இறங்கி, ஒரு தடுப்பின்மேல் உட்காருகிறது, அதற்கு மேல் உலோகம் துவண்டு நுனி தாழ்கிறது. தேர்தல் திடலில் நாம் பார்த்த தொய்வு இந்த இரண்டின் கூட்டு. எனவே மாதிரியில் இறக்கையை வில்லாக வளைத்தால் மட்டும் போதாது, வேரிலும் ஒரு சிறு இறக்கம் கொடுக்கவேண்டும். கடையில் வாங்கும் நல்ல மாதிரிகளிலும் இதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, இந்த 20 கிராம் தொண்டைமான் ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டால்? ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது: சிறியதற்குப் பறப்பது எளிது. ஹெலிகாப்டர் அந்தரத்தில் நிற்பது காற்றைக் கீழே தள்ளித்தான். பெரிய அலுவெட்டுக்குச் சுழலி வட்டத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 23 கிலோவைத் தாங்கவேண்டும். மாதிரியில் எடை பரப்பைவிட வேகமாகக் குறைந்துவிடுவதால், அது அரைக் கிலோதான். பெரியது சுழலி வழியாகக் காற்றை விநாடிக்கு 9.6 மீட்டர் வேகத்தில் தள்ளவேண்டும். சிறியதற்கு 1.4 மீட்டர் போதும். ஒரு கிலோவுக்குத் தேவைப்படும் திறன் ஏழில் ஒரு பங்காகிறது. திருவிழாக் கடைகளில் விற்கும் பொம்மை ஹெலிகாப்டர் சுண்டைக்காய் மோட்டாரோடு எழும்பிவிடுவதற்கு இந்த விகிதமே காரணம்.

இந்த 'ஏழு' எங்கிருந்து வந்தது? 48-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ ஏழு. இது காலத்தின் சுருக்கம். புவியீர்ப்பு மட்டும் நம் சுருக்கத்துக்கு உடன்படுவதில்லை, மாதிரிக்கும் அதே புவியீர்ப்புதான். அதனால் மாதிரி உலகில் எல்லாம் ஏழு மடங்கு வேகமாக நடக்கும். சுழலி நிமிடத்துக்கு 350-க்குப் பதில் 2,400-க்கு மேல் சுற்றினால்தான் இறக்கைமேல் விசைகள் சரியான விகிதத்தில் இருக்கும். கப்பல் மாதிரிகளில் இந்த வர்க்கமூலக் கணக்கை 19-ஆம் நூற்றாண்டில் நிலைநாட்டியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட். சினிமாக்காரர்களுக்கும் இது தெரியும். 1:48 மாதிரி ஹெலிகாப்டர் விழுவதைப் படமெடுத்து நிஜம்போலக் காட்டவேண்டுமானால், விநாடிக்கு 24 படத்துக்குப் பதில் 166 படம் எடுத்து, மெதுவாக ஓட்டவேண்டும். பழைய படங்களில் மூழ்கும் கப்பல் குளியல் தொட்டியில் மூழ்குவதுபோலத் தெரிந்தால், கணக்கைச் செய்ய யாருக்கோ பொறுமையில்லை என்று அர்த்தம்.

எளிது என்று சொன்னதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையின் பெயர் காற்றின் பிசுக்கு. மத்தை மோரில் சுழற்றிப் பாருங்கள், விட்டபிறகும் மோர் சுற்றிக்கொண்டிருக்கும். அதே மத்தைக் கெட்டித் தயிரில் சுழற்றினால் கையை எடுத்ததும் நின்றுவிடும். முதலில் ஓட்டத்தின் வேகம் ஆள்கிறது, இரண்டாவதில் பிசுக்கு ஆள்கிறது. இந்த இரண்டில் எது எவ்வளவு பலசாலி என்று சொல்லும் விகிதத்துக்கு ரெனால்ட்ஸ் எண் என்று பெயர். மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883-ல் கண்ணாடிக் குழாயில் ஓடும் நீருக்குள் சாயக்கோடு ஒன்றை விட்டு, அது எந்தக் கட்டத்தில் நேர்கோடாக இருக்கிறது, எந்தக் கட்டத்தில் கலைந்து சுழல்கிறது என்று பார்த்தார். பொருள் சிறிதானாலோ வேகம் குறைந்தாலோ இந்த எண் குறையும், பிசுக்கின் கை ஓங்கும். நம் மாதிரியில் இறக்கையின் அகலம் 48 மடங்கும் நுனியின் வேகம் ஏழு மடங்கும் குறைந்ததால், ரெனால்ட்ஸ் எண் 330 மடங்குக்கு மேல் சரிந்துவிட்டது. பெரிய இறக்கைமேல் வழுக்கி ஓடிய காற்று, சிறிய இறக்கைமேல் இழுபட்டு, பாதியிலேயே பிய்ந்துகொள்கிறது. பெரியதற்குப் பொருத்தமான தடித்த வடிவம் சிறியதற்குப் பொருந்தாது. பறக்கும் சிறு மாதிரிகளில் இறக்கை வெறும் வளைந்த தகடாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சிக்கனத்துக்காகச் செய்தது என்று நினைக்கவேண்டாம்.

மாதிரியை வைத்துப் பெரிய விமானத்தைக் கணிக்கும் விஞ்ஞானிகளுக்கு இது தலைவலியாக இருந்தது. காற்றுச் சுரங்கத்தில் சின்ன மாதிரி சொல்லும் சாட்சியம் பெரியதற்குச் செல்லுபடியாகவில்லை. 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லாங்லி ஆய்வகத்தில் மாக்ஸ் முங்க் என்ற ஜெர்மானியர் ஒரு வழி கண்டார். மாதிரியைப் பெரிதாக்க முடியாதென்றால் காற்றைக் கெட்டியாக்கலாமே? தடித்த எஃகுத் தொட்டிக்குள் சுரங்கத்தை அடைத்து, காற்றை 20 மடங்கு அழுத்தினார். அழுத்திய காற்றில் எடை கூடுகிறது, பிசுக்கு அவ்வளவாக மாறுவதில்லை. இருபதில் ஒரு பங்கு மாதிரி, முழு விமானத்தின் சாட்சியத்தைச் சொல்லத் தொடங்கியது. பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகத்தில் 1967 முதல் இயங்கும் 1.2 மீட்டர் காற்றுச் சுரங்கமும் அழுத்திய காற்றைச் சேமித்துவைத்துப் பாய்ச்சுவதுதான். நம் நாட்டு ராக்கெட்டுகளும் போர்விமானங்களும் முதலில் அதற்குள் சிறு மாதிரிகளாகப் பறந்தவை.

என் கற்பனைக் கதையைச் சோதிக்கவும் காற்றின் கெட்டித்தன்மையே உதவுகிறது. புதுக்கோட்டை கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர்போல உயரத்தில் இருக்கும் ஊர். ஆனால் சித்திரை மதியம் 40 பாகை வெயிலில் காற்று விரிந்து, 15 பாகைக் காற்றைவிட எட்டு சதவீதம் இலேசாகிவிடுகிறது. ஊரின் உயரத்தையும் சேர்த்தால், ஹெலிகாப்டரின் சுழலிக்கு அந்த மதியம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர மலையூராகத் தோன்றும். நமக்கு வியர்க்கிறது, அதற்கு மூச்சு வாங்குகிறது. 1948-லேயே வாங்கினார்கள் என்று கதை எழுதினால் அது பெல் 47 ஆக இருந்திருக்கும். அக்காலத்தில் அதற்கு 178 குதிரைத்திறன் பிஸ்டன் எஞ்சின். ஓட்டுநரும் ஒரு திவானும் ஏறிவிட்டால் மதிய வெயிலில் மூன்றாவது ஆளுக்கு இடம் தர அது யோசிக்கும். அலுவெட்டின் ஆர்டூஸ்ட் எஞ்சின் 870 குதிரைத்திறன் தரவல்லது. அதை வேண்டுமென்றே 570-க்குக் கட்டுப்படுத்தி வைத்திருந்தார்கள். வெயிலிலோ உயரத்திலோ எஞ்சின் சோர்ந்தாலும் அந்த 570 எளிதில் குறையாது. இந்தச் சேமிப்பின் பலத்தில்தான் 1960 நவம்பரில் ஓர் அலுவெட் 3 இமயத்தின் தியோ திப்பா சிகரத்தில், ஆறாயிரம் மீட்டர் உயரத்தில் போய் இறங்கியது. அதற்குப் புதுக்கோட்டை வெயில் ஒரு பொருட்டல்ல. கதை 1965-க்குப் பிறகு நடந்தால் நிற்கும், 1948-ல் நடந்தால் தள்ளாடும்.

மீதி தோற்ற வேலை. கடாவி ஆணியின் தலை 5 மி.மீ. என்றால் மாதிரியில் அது 0.1 மி.மீ. அரை மீட்டர் தூரத்திலிருந்து நம் கண் பிரித்தறியும் எல்லையே 0.15 மி.மீ. அளவில்தான். ஆக உண்மையான விகிதத்தில் ஆணிகள் கண்ணுக்கே தெரியக்கூடாது. பெட்டிகளில் வரும் மாதிரிகளில் அவை அம்மைத் தழும்புபோல எழும்பி நிற்கும், தேய்த்துவிடுவது நல்லது. தூரத்தில் நிறம் வெளுக்கும், ஆகவே மாதிரிக்கு வண்ணத்தை வெளுப்பாக அடிக்கவேண்டும் என்று ஒரு நம்பிக்கை இந்தப் பொழுதுபோக்கில் பரவலாக உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அரை மீட்டரில் பார்க்கும் 1:48 மாதிரி, 24 மீட்டரில் நிற்கும் நிஜத்துக்குச் சமம். 24 மீட்டர் காற்று எந்த நிறத்தையும் வெளுக்காது. இன்னொன்று: அமெரிக்க ஹெலிகாப்டர்கள் மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும், அலுவெட் கடிகாரத் திசையில் சுற்றும். இறக்கையின் உருண்ட விளிம்பு ஓடும் பக்கம் இருக்கவேண்டும், கூர்விளிம்பு பின்னால். தலைகீழாக ஒட்டினால் தொண்டைமான் ஹெலிகாப்டர் எழும்பாது.

சின்னத்துக்கு அம்மன் காசு இருக்கிறது. திருக்கோகர்ணம் குகைக்கோயிலில் கோகர்ணேசுவரரோடு இருக்கும் பிரகதாம்பாள் தொண்டைமான்களின் குலதெய்வம். தங்களை 'பிரகதாம்பாள் தாசர்' என்றே அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். சமஸ்தானம் அடித்த சின்னஞ்சிறு செப்புக்காசில் ஒரு பக்கம் அமர்ந்த அம்மன், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. விமானத்தின் வட்டச் சின்னமாக அந்தக் காசின் அம்மனை வரைந்தால், ஒரு சென்டிமீட்டர் வட்டம் நிஜ உடலில் 48 சென்டிமீட்டராகும், கதவில் பொறிக்கச் சரியான அளவு. சமஸ்தானக் காலத்தில், 1910-ல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் இன்று திருக்கோகர்ணத்திலேயே இருக்கிறது. சமஸ்தானத்தை வைத்துக் கதை கட்ட நினைப்பவர் முதலில் அங்கே ஒரு நடை போய்வருவது நல்லது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு மாதிரியைச் செய்தால் அதன் பீடத்தில் பெயர்ப்பலகை ஒட்டுங்கள், அதில் 'கற்பனை' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அதன் கீழே, 'புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3-ல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது, அதனிடம் ஹெலிகாப்டர் இருந்ததில்லை' என்பதையும் சேர்த்துவிடுங்கள். இறக்கைகளை ஒழுங்காகத் தொங்கவிட்டு, வெயிலில் வைத்து ஒரு புகைப்படம் எடுத்தால், நாளைக் காலைக்குள் அது வாட்ஸ்அப்பில் 'மறைக்கப்பட்ட வரலாறு' ஆகிவிடும்.